அக்கா வளர்த்த பூசணம்

எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை என்று ஒன்று உண்டென்றால் அது பூசணம்தான். மற்ற கெட்ட வார்த்தைகள் எல்லாம் மீன் காயப்போடும் களத்தில் தாராளமாகப் புழங்கின. மீன் புரளுகிற இடத்தில் வேறு எப்படி இருக்கும்? ஆனால் பூசணம் என்ற சொல் காதில் விழுந்தால் அய்யாவின் முகம் சுருங்கிவிடும். பாம்பனில் அவருக்குக் கருவாடு அடுக்கிவைக்கும் கிட்டங்கி இருந்தது. மழைக்காலத்தில் பாயில் கட்டிய ஒரு சிப்பத்தில் பச்சையாகப் படிந்தால் பக்கத்துச் சிப்பமும் போகும், கவனிக்காமல் விட்டால் கிட்டங்கியே போகும். ஆகையால் எங்களுக்கென்று சில சட்டங்கள். பூசணம் பட்ட பாயைக் கொளுத்த வேண்டும். தொட்ட கையை மீன் ஊறும் உப்புத் தொட்டியில் கழுவ வேண்டும். வெளியூர்க் கிட்டங்கியிலிருந்து எவ்வளவு பெரிய வியாபாரி வந்தாலும் வாசலில் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பூசணம் மனிதர் கையில் ஏறி வரும் என்பார் அய்யா. அவர் சொன்னது உண்மைதான். கருவாட்டைப் பொறுத்தவரை அய்யாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வினை வந்தது மாமரத்தில்.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருஷமே மச்சான் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மாமனார் மாமியாரும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அக்காவுக்கு மிஞ்சியது ஓர் ஓட்டு வீடும், அதைச் சுற்றி நின்ற மாமரங்களும், ஒரு கிணறும். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் அது சின்ன விஷயமில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அய்யா அவளை அழைத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அக்கா அவருக்குச் சோறு போட்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், பெட்டியை மட்டும் கட்டவில்லை.

"மரம் காய்க்கிற வரைக்கும் நான் இங்கனதான்யா இருப்பேன். காய்ப்பு நின்னு போச்சுன்னா நானே வாரேன்" என்றாள்.

அய்யா வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பிறந்த வீட்டுக்குத் திரும்புகிற விதவை என்ன ஆவாள் என்று அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். விடிந்தால் களத்தில் நெத்திலி தரம் பிரிப்பாள், சாயங்காலம் அண்ணிமார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவாள். யாரும் அவளை ஒரு சொல் சொல்லமாட்டார்கள். ஆனால் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு சொம்புகூட அந்த வீட்டில் இருக்காது. தங்கச்சிமடத்தில் அவள் தன் அடுப்பில் தனக்குப் பிடித்ததைச் சமைத்தாள். கீழக்கரை மரைக்காயர் ஒருவர் பூக்கிற சமயத்தில் வந்து அண்ணாந்து பார்த்து, இன்ஷா அல்லா நல்லா இறங்கும் என்று சொல்லிக் காயைக் குத்தகைக்கு எடுப்பார். அதில் அவள் பாடு கழிந்தது.

நான் பாம்பனில் பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமை ரயிலேறி அக்காவிடம் போய்விடுவேன். அண்ணிமாரிடமிருந்து தப்பிக்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லமுடியுமா? அக்காவுக்குத் துணை என்று சொல்லிக்கொள்வேன். என்னால் அவளுக்கு ஒரு துணையும் இல்லை. மத்தியானம் வரை தூங்கிவிட்டு அவள் வைத்த மீன் குழம்பைக் காலி செய்துவிட்டு வருவேன்.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமைதான் மரத்தடியில் தூள் கிடந்ததைப் பார்த்தேன். தச்சன் யாரையாவது வைத்து வேலை செய்தாளோ என்று நினைத்தேன். அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினாள். பட்டையில் விரல் நுழையும் அளவுக்குத் துளை. அதிலிருந்து தூள் கொட்டிக்கொண்டிருந்தது, கீழே கறுப்பாகச் சாறு வடிந்திருந்தது. மேலே ஒரு கிளை முழுவதும் இலை காய்ந்து தொங்கியது. அதைச் செய்த வண்டையும் பிடித்துக் கொட்டாங்கச்சியில் மூடி வைத்திருந்தாள். சாம்பல் நிறம், கட்டைவிரல் நீளம், அந்த உடம்பைவிட நீளமாக இரண்டு மீசை. மீசையைப் பார்த்தால் ஏதோ ஜமீன்தார் என்று நினைக்கத் தோன்றும். அது பட்டையைக் கடித்து முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளே இறங்கி மரத்தைத் தின்னத் தொடங்கும். மரம் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் நிற்கும். ஒருநாள் இலை வாடும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

அக்கா பயந்துபோயிருந்தாள். மரம் போனால் வீடும் போனது என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள் இல்லை.

பிளாக் ஆபீசுக்குப் புதிதாக ஒரு விவசாய அதிகாரி வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம், கல்யாணமாகாதவர், சைக்கிளில் அலைவார். எங்கள் ஊர்க் காற்றில் கலந்திருக்கும் கருவாட்டு வாசனைக்கு மூக்கைச் சுளிக்காமலிருக்க அவர் பட்ட பாடு எங்களுக்கெல்லாம் நல்ல வேடிக்கை. பூச்சி சார் என்று பெயர் வைத்திருந்தோம். அக்கா சொல்லியனுப்பியதும் வந்தார். கொக்கி வளைத்த கம்பியைத் துளைக்குள் விட்டுச் சில புழுக்களை இழுத்தெடுத்தார். மற்றத் துளைகளில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண் அப்பினார். ஆழத்தில் இருந்தவை அவருக்கு மசியவில்லை. தூள் கொட்டிக்கொண்டேயிருந்தது.

பிறகு ஒருநாள், பட்டுப்போன கிளையை வெட்டிப் பிளந்தபோது, உள்ளே சில புழுக்கள் செத்துக் கிடந்தன. சாக்பீஸ் துண்டு மாதிரி விறைத்துப்போய், மேலே பச்சையாகப் பொடி படிந்து. அக்கா பார்த்த மாத்திரத்தில் பின்னால் நகர்ந்து கையைச் சேலையில் துடைத்தாள். கருவாட்டுக்காரர் மகள் அல்லவா, அவள் கண் உப்புத் தண்ணீரைத் தேடியது. பூச்சி சாரோ புதையல் கிடைத்தவர் போல அங்கேயே குந்திவிட்டார். இந்தப் பூசணம்தான் புழுவைக் கொன்றிருக்கிறது என்றார். புழுவின் தோலில் ஒட்டி, உள்ளே வேர் விட்டு, அதைத் தின்று தீர்த்துவிட்டு வெளியே வந்து பச்சையாகப் பூக்கும் என்றார். இதைச் சோற்றில் வளர்த்து மற்றத் துளைகளில் ஊற்றினால் அங்கேயும் கொல்லலாம் என்றார்.

அக்கா நம்பவில்லை. கையை மறுபடி சேலையில் துடைத்தாள்.

"மனுஷனுக்கு இது ஒண்ணும் செய்யாதும்மா. கேரளாவுல தென்னை வண்டுக்கு இதை வச்சு சோதனை பண்றாங்க. மாமரத்துல செஞ்சு நான் பார்த்ததில்ல. பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் அவர்.

சத்தியம் பண்ணியிருந்தால் அக்கா அவரை அப்போதே அனுப்பிவைத்திருப்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அரசாங்க ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. சரி என்றாள்.

அரை வேக்காட்டில் வடித்த சோற்றை ஆறவைத்து, புதுச் சட்டியில் போட்டு, செத்த புழுவின் பொடியைத் தூவிக் கிளறி, துணி கட்டி இருட்டறையில் வைக்க வேண்டும். முதல் சட்டிக்கு அக்கா சிலுவை போட்டுக்கொண்டுதான் கரண்டியை எடுத்தாள். வேண்டுமென்றே சோற்றைக் கெடுக்கிறோமே, பாவமில்லையா என்று என்னைக் கேட்டாள். நம் அண்ணிமார் தினமும் கெடுக்கிறார்களே, அவர்களை முதலில் கேள் என்றேன். ஒரு வாரத்தில் சோறு வெள்ளையாகப் பஞ்சு கட்டியது, பிறகு பச்சையானது. அதைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துத் துளைகளில் ஊற்றினாள். ஈரம் காயக்கூடாது, வெயில் படக்கூடாது என்று பூச்சி சார் சொல்லியிருந்தார். எனவே மண்ணைக் குழைத்து அடைத்து, நனைத்த சாக்கை மரத்தைச் சுற்றிக் கட்டினாள். வெயில்தான் தெய்வம், ஈரம்தான் எமன் என்று எங்களை வளர்த்த வீடு அது. அவள் அதற்கு நேர் எதிராக ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். தயக்கம் போனபின் அவளுக்கு அதில் ஒரு திருட்டுச் சந்தோஷமும் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பலித்தது. எல்லா மரத்திலும் இல்லை, பாதிக்கு மேல் பலித்தது. தூள் நின்றது. ஒரு துளையைத் தோண்டிப் பார்த்தபோது பச்சை படிந்த புழு ஒன்று விறைத்துக் கிடந்தது. மழை பிடித்ததும் கொழுந்து செம்பு நிறத்தில் கிளம்பியது. அக்கா ஒவ்வொரு மரமாக என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். மச்சான் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சேதி பாம்பனுக்குப் போகாமல் இருக்குமா? உங்கள் மகள் சட்டி சட்டியாகப் பூசணம் வளர்க்கிறாள் என்று யாரோ அய்யாவிடம் சொல்லிவிட்டார்கள். அந்தக் கார்த்திகையில் அக்கா அம்மாவைப் பார்க்க வந்தபோது அய்யா வாசலில் நின்றார். எங்கள் வீட்டுக்கும் களத்துக்கும் ஒரே வாசல். அக்கா கேட்காமலே தொட்டியில் கையைக் கழுவினாள். அய்யா நகரவில்லை. கிட்டங்கி நிறையச் சரக்கு இருந்த மழைக்காலம்.

"அதை வச்சிருக்கிற வரைக்கும் உள்ள வராத தாயி" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அக்கா அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அம்மா சுட்ட பலகாரத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பூசைக்குப் போய்வந்த அய்யா அன்று சாப்பிட உட்காரவே இல்லை. நான் தங்கச்சிமடத்திலிருந்து திரும்பும்போதெல்லாம், அந்தக் கருமத்தை விட்டுட்டாளா என்று கேட்பார். இல்லை என்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். மகளை வாசலில் நிறுத்தியது அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சட்டத்தை மாற்றவும் மனம் வரவில்லை.

தை மாதம் ஓரியூர்த் திருவிழாவுக்கு அக்காவும் நானும் போனோம். மரம் பிழைத்தால் வருவதாக அவள் நேர்ந்திருந்தாள். மண்டபம் வரை ரயில், திருவாடானை வரை பஸ், அப்புறம் கூட்டத்தோடு வண்டி. அக்கா புனிதர் ரத்தம் சிந்திச் சிவந்ததாகச் சொல்லும் அந்த ஊர்ச் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். சில நாள் தங்கிவிட்டு ஊர் திரும்பினோம்.

அக்காவின் வீட்டு வாசலில் அய்யாவின் வண்டி நின்றது. அய்யா மாமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். களத்து ஆட்கள் இருவர் தகர டின்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தில் கட்டியிருந்த சாக்குகள் எல்லாம் எரிந்து சாம்பலாகக் கிடந்தன. மண் அடைப்பு ஒவ்வொன்றையும் பெயர்த்து, பட்டையில் படிந்திருந்த பச்சையைச் சுரண்டி, துளைகளில் உப்புத் தொட்டித் தண்ணீரை ஊற்றி, கல்லுப்பைத் திணித்திருந்தார்கள். மீந்த தண்ணீரை மரத்தடிப் பாத்தியில் கொட்டியிருந்தார்கள். சட்டிகள் உடைந்து கிடந்தன. சிப்பத்தில் பூசணம் கண்டால் செய்கிற வேலை அத்தனையும், ஒன்று விடாமல்.

எங்களைக் கண்டதும் அய்யா எழுந்தார். அவ்வளவு மலர்ந்த முகத்தை அந்த வருஷம் நான் பார்க்கவில்லை.

"எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு தாயி. தென்னைக்கு உப்பு வைக்கிறோம்ல, இதுவும் மரந்தான? ஒனக்கு இனி ஒரு தடையும் இல்ல. எப்பவும் போல வீட்டுக்கு வா."

அக்கா மரங்களைப் பார்த்தாள். பிறகு அவர் கைகளைப் பார்த்தாள். ஆட்களிடம் விடாமல் அவரே உப்பைத் திணித்திருக்கிறார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். கிணற்றில் தண்ணீர் இறைத்துவந்து அவர் கையில் ஊற்றினாள். அடுப்பை மூட்டினாள். அய்யா அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

வண்டி கண்ணை விட்டு மறைந்தபிறகுதான் அவள் மரத்தடியில் உட்கார்ந்து உப்பைக் கையால் நோண்டி எடுக்கத் தொடங்கினாள். நான் கத்தினேன். அவரிடம் ஏன் சொல்லவில்லை, தென்னை தாங்குகிற உப்பை மாமரம் தாங்குமா என்று கத்தினேன். அவள் நிமிராமலே சொன்னாள்.

"எனக்காகத்தானடி செஞ்சாரு. தெரிஞ்சா தாங்குவாரா? நீயும் சொல்லக்கூடாது."

பூச்சி சார் வந்து பாத்தி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். அவரிடமும் அக்கா அதே வாக்கை வாங்கிக்கொண்டாள். மூவரும் உப்பு மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தினோம், நல்ல தண்ணீராக இறைத்து ஊற்றினோம். மாசி முடிவதற்குள் இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. பிறகு கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. உப்புக்குத் தப்பிய ஒன்றிரண்டு மரத்தில் திறந்து கிடந்த துளைகளின் பக்கத்தில் வண்டு மறுபடி முட்டை வைத்தது. புதிதாகச் சோற்றுச் சட்டி வைக்க அக்காவுக்குத் தெம்பு இல்லை. வாசல் திறந்த சந்தோஷத்தில் அய்யா வாராவாரம் வந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் படாமல் எதைத்தான் வளர்ப்பது?

இலை கொட்டிய மரங்களைப் பார்த்து அய்யா கொதித்துப்போனார். ஒருநாள் தெருவில் நாலு பேர் பார்க்கப் பூச்சி சாரின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, தாலியறுத்த பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டாயே, பூசணத்தை வைத்து மரத்தைக் கொன்றாயே என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். நானும் அக்காவும் வாசலில் நின்றோம். பூச்சி சார் ஒரு தடவை அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தப்புதான் பெரியவரே. மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போனார்.

சீக்கிரமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூட முடியவில்லை. அவர் செய்தது பலித்தது, அதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதை அவரிடம் யாராவது மறுபடி சொல்லியிருக்க வேண்டும். அடுத்து வேலை பார்த்த ஊரில் ஒரு மாமரத்தடியில் பச்சை பூத்த புழு கிடந்திருந்தால், அதை எடுத்து யாரிடமாவது காட்ட அவருக்குத் துணிச்சல் வந்திருக்குமா? தீவில் அதன் பிறகு பூசணம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பொடி மருந்து வந்தது, எல்லாரும் அதையே தூவினார்கள். பூசணம் வைத்து மரம் போன கதை மட்டும் ஊர் ஊராகப் போனது. அதில் உப்பு இல்லை.

டின் தூக்கிய களத்து ஆட்கள் வழியாக உப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, மகளைத் திரும்பக் கூட்டிவரத்தான் பெரியவர் தெரிந்தே மரத்தைக் கொன்றார் என்று பேசியவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்கள் வாயில் உப்பைத் திணிக்கவேண்டும் போலிருக்கும் எனக்கு. என் அய்யாவுக்குப் பிடிவாதம் உண்டு, கோபம் உண்டு, சூது கிடையாது.

அடுத்த பூக்காலத்தில் மரைக்காயர் வந்து அண்ணாந்து பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு போனார். மரங்களை விறகுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். அக்கா தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு பாம்பனுக்கு வந்தாள். விடிந்தால் நெத்திலி தரம் பிரித்தாள், சாயங்காலம் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டாள். பின்னால் பெரும் புயல் வந்து தீவில் பாதித் தோப்புகளைக் கொண்டுபோனபோது, எப்படியும் போகவேண்டிய மரந்தானே என்று பெரிய அண்ணி ஆறுதல் சொன்னாள். எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே நாம் எல்லாரும் என்று நான் சொன்னேன். அதோடு அவள் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.

புயலுக்கு அடுத்த வருஷம் அய்யா படுத்துவிட்டார். அக்காதான் கூடவே இருந்தாள். ஒரு மத்தியானம் நான் கஞ்சியோடு போனபோது அவர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒன்னைய வாசல்ல நிறுத்துனேன்ல தாயி. அதுதான் மனசுல கெடந்து அறுக்குது. மரத்தையாவது காப்பாத்திக் குடுத்துரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அந்தப் பூசணம் தின்னுருச்சே."

இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவள், அவரைத் தேற்ற வேண்டுமென்று அன்றைக்குத்தான் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"ஆமாய்யா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. ஒரு மாசம் முந்தி வந்திருந்தீங்கன்னா மரம் பொழச்சிருக்கும்."

அய்யா அப்படியே அவளைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "முந்தியே வந்திருக்கணும்" என்றார். அதற்குப்பின் அவர் வாயில் வேறு பேச்சு இல்லை. கோபத்தில் வீட்டில் உட்கார்ந்துவிட்டேனே, முந்தியே உப்பைக் கொண்டு வந்திருக்கணுமே என்று விழித்த நேரமெல்லாம் அதையே சொல்லி அழுதார். கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலத்தைப் பூசும்போதும் அதைத்தான் சொன்னார்.

அதை மறுக்க அக்காவுக்கு வழியில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் மூச்சு அடங்குகிற வரை அவருடைய வெடித்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இல்லய்யா, இல்லய்யா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.